ஈரக் கழிவு போக என் எடை

வண்டிப்பெரியார்,
ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஜோபி அவர்களுக்கு,

மாமனார் செபாஸ்டின் ஆசீருடன் எழுதுவது. மஸ்கட்டில் நீங்களும் என் மகள் பின்சியும் குழந்தையும் ஆண்டவர் அருளால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தை ஞானஜோதியும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் நான் சுகமா இல்லையா என்பதே இந்தக் கடிதத்தின் வழக்கு என்பதால், அந்த வரியை இப்போதைக்குக் காலியாக விட்டு வைக்கிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் பின்சி பக்கத்தில் நின்று கேட்பாள், கேட்டதை அப்படியே அவள் அம்மாவிடம் ஒப்பிப்பாள். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், போன முறை உங்களுக்கு மட்டும் என்று நான் எழுதிய மூலநோய் விவரம் குடும்பக் குழுவில் போய் விழுந்து, உறவுக்காரர்கள் நாற்பத்தோரு பேரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். ஆகவே காகிதம். லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் பக்கத்து வீட்டு ரிஞ்சுவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய கண்ணாடி எடைமெஷின் உடையாமல் வந்து சேர்ந்தது. கூடவே நீங்கள் அனுப்பிய குரல்செய்தியும் வந்து சேர்ந்தது. "மாமா, ஆரோக்கியத்த ஒரு நீண்டகாலப் பயணமா நெனைங்க. நாப்பது நாள்ல முடிக்கணும்னு ஓடாதீங்க. ஆயுசு பூரா செய்ய முடியிற சின்னச் சின்னப் பழக்கமாப் புடிங்க" என்று நீங்கள் பேசியதை மூன்று தடவை கேட்டேன். மாப்பிள்ளை பேச்சுக்கு மறுபேச்சு பேசுகிற குடும்பம் இல்லை நாங்கள். ஆனால் மனசுக்குள் சிரித்தேன். அறுபத்து நான்கு வயதுக்காரனிடம் நீண்டகாலத்தைப் பற்றிப் பேசுவது, குமுளிக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனை நிறுத்தி, இங்கே புது ரோடு வரப்போகிறது என்று விளக்குவது மாதிரி. அதுவும் எடையைப் பற்றி எனக்கா? முப்பத்து மூன்று வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்துக்கு எடை போட்டவன் நான். காலையில் ஒரு நிறுவை, மதியம் ஒரு நிறுவை, சாயங்காலம் ஒரு நிறுவை. கொழுந்து கிள்ளுகிற பெண்கள் என் பெயரையே மறந்து தராசய்யா என்றுதான் கூப்பிடுவார்கள். முள் எங்கே நிற்கும் என்று மூட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு கண்ணாடித் துண்டு வெளிச்சம் போட்டுப் பாடம் நடத்துகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் கவலை எடை இல்லை, குருசுமலை. பெரிய வெள்ளியன்று நம் பங்கு மக்கள் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டே அந்த மலை ஏறுவதும், வழியில் நின்று ஜெபிக்கிற பதினான்கு ஸ்தலங்களில் பத்தாவதில் சிலுவையை நான் வாங்கி உச்சி வரை சுமப்பதும் உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அது என் தோள். போன வருஷம் பன்னிரண்டாம் ஸ்தலத்தில் முழங்கால் மடங்கியதை, நான் பக்தியில் மண்டியிட்டதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. இந்த வருஷம் அந்தப் பக்தி முதல் ஸ்தலத்திலேயே வந்துவிடும் போலிருந்ததால், ஜனவரியில் டவுன் டாக்டரிடம் போனேன். டாக்டர் சோனா என்று ஒரு பெண். பின்சியை விட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். எடை தொண்ணூற்று நான்கு, சர்க்கரை இருநூற்று எண்பத்தாறு என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்கிளே, எத்தனை வர்ஷம் மலை ஏறணும்?"

"இந்த வருஷம்."

"அடுத்த வர்ஷமோ?"

"அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம் டாக்டர்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள். "திருதி வேண்டாம் அங்கிளே. தினமும் இருபது மினிட் நடக்கணும். ராத்திரி சோறு ஒரு கை குறைக்கணும். மருந்து முடங்காம கழிக்கணும். ஒரு வர்ஷம் கழிஞ்சு நோக்காம்" என்றாள். அவசரப்பட வேண்டாமாம், மருந்தை விடாமல் சாப்பிட வேண்டுமாம், ஒரு வருஷம் கழித்துப் பார்க்கலாமாம். பெரிய வெள்ளிக்கு மூன்று மாதம் கூட இல்லை, இவள் ஒரு வருஷக் கணக்கு சொல்கிறாள். இருபது நிமிடம் நடப்பதெல்லாம் வைத்தியமா? எங்கள் வீட்டிலிருந்து ரேஷன் கடைக்குப் போய், அரிசி வரவில்லை என்று தெரிந்து திரும்புவதற்கே இருபது நிமிடம் ஆகும். அதற்கு எம்.பி.பி.எஸ். எதற்கு? உங்கள் அத்தைக்கும் சர்க்கரை உண்டல்லவா, அவளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவது அவள் சுபாவம். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்தரை ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு, வேலை முடிந்து வருகிற பூமாரியோடு கலுங்குப் பாலம் வரை கதை பேசிக்கொண்டே போய் வருவாள். பூமாரி இன்னும் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். இவர்கள் இருவரும் நடக்கிற வேகத்தைப் பார்த்தால் வழியிலிருக்கிற மாடு கூட எழுந்திருக்காது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன்.

என் திட்டம் வேறு. சாம்பல் புதன் முதல் பெரிய வெள்ளி வரை தவக்காலம். கர்த்தரே நாற்பது நாளில் முடித்ததை நான் ஏன் ஒரு வருஷம் இழுக்க வேண்டும்? நாற்பது நாளில் பதினைந்து கிலோ. வருஷா வருஷம் நோன்பில் இரண்டு மூன்று கிலோ குறைகிறவன்தானே நான். ஈஸ்டர் முடிந்ததும் அது தன் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு திரும்பி வரும் என்பது வேறு விஷயம். நாற்பது நாள் கறி மீன் கிடையாது என்பதால், சாம்பல் புதனுக்கு முந்தைய வாரமே உடம்பைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. தயார் செய்ததில் தொண்ணூற்று நான்கு தொண்ணூற்று ஆறானது. அதில் உங்கள் அத்தைக்கும் பங்கு உண்டு, பன்றிக்கறியை அவ்வளவு ருசியாக வைக்கச் சொல்லி யார் சொன்னது?

சாம்பல் புதனிலிருந்து நான் கறியைத் தொடவில்லை, மீனைத் தொடவில்லை, முட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திருச்சபை எதைத் தடுக்கவில்லையோ அதை மட்டும் சாப்பிட்டேன். கப்பைக் கிழங்கைத் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பழம்பொரி என்று போடுகிற வாழைப்பழ பஜ்ஜியைத் தடுக்கவில்லை. உளுந்துவடை, பருப்புவடை, பரோட்டாவுக்குக் கடலைக்கறி, இவை எதைப் பற்றியும் எந்த ஆயரும் சுற்றறிக்கை விட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆறாவது பழம்பொரியை எடுக்கும்போது உங்கள் அத்தை மெதுவாகக் கேட்டாள்: "என்னங்க, கறி திங்காம இருக்கறது நோம்பு. எட கொறையிறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" அந்த மாதிரி விசுவாசம் குறைந்த கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை.

உடற்பயிற்சிக்கு ரிஜினிடம் போனேன். பங்கு இளைஞர் அணித் தலைவன், பழைய கேசட் கடை இருந்த இடத்தில் ஜிம் வைத்திருக்கிறான். 'நாற்பது நாளில் புதிய மனிதன்' என்று போர்டு. அவன் கை ஒவ்வொன்றும் என் தொடை அளவு, மூளையின் அளவு தெரியவில்லை. முதல் நாளே என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் தூக்கி ஒரு இரும்புப் பலகையை மேலே தள்ளச் சொன்னான். தள்ளினேன். தள்ளிய பலகையைத் திரும்ப இறக்குகிற வித்தையை அவன் சொல்லித்தருவதற்குள் கோவிலில் ஆறு மணி அடித்துவிட்டது. ரிஜின் பக்திமான். பாட்டை நிறுத்திவிட்டு, கண்ணை மூடி, கைகூப்பி, மூவேளைச் செபத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். நான் பலகைக்கு அடியில் இரண்டு கால்களும் விண்ணகம் நோக்கி நீட்டியபடி கிடக்கிறேன். "ரிஜின்" என்று கூப்பிட்டால் செபத்தைக் கெடுத்த பாவம் வரும். வேறு வழியில்லாமல் நானும் பதில் செபம் சொன்னேன். ஆமென் வந்தபோது எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. நான்கு நாள் படுக்கை. அதையும் ஓய்வு நாள் என்று புதிய மனிதன் திட்டத்தில் எழுதிக்கொண்டான் அந்தத் தடியன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், அப்புறம் எப்படி மாமா மூன்றாவது வாரம் குடும்பக் குழுவில் எண்பத்தேழு என்று போட்டீர்கள், நாங்கள் எல்லோரும் கைதட்டினோமே என்று. அங்கேதான் என் அனுபவம் பேசியது. எஸ்டேட்டில் எந்த மூட்டையையும் அப்படியே எழுதிவிட மாட்டோம். சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம். கொழுந்து நனைந்திருந்தால் ஈரத்துக்கு இரண்டு கிலோ. முற்றல் இலை கலந்திருந்தால் அதற்கு ஒன்றோ இரண்டோ. மீதிக்குத்தான் கிள்ளியவளுக்குக் கூலி. அதுதான் முறையான நிறுவை. உங்கள் கண்ணாடி மெஷினுக்கு இந்த முறை தெரியவில்லை, ஏறியதை அப்படியே காட்டுகிறது. ஆகவே நானே போட்டேன். மெஷின் தொண்ணூற்று மூன்றரை. வேட்டி சட்டைக்கு ஒன்று. வண்டிப்பெரியாரில் காலைப் பனி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஈரத்துக்கு இரண்டு. பழைய எலும்பு, முற்றலுக்கு இரண்டு. முந்தின நாள் சாப்பிட்டது என் சொந்த எடை ஆகாது, அதற்கு ஒன்றரை. ஆக எண்பத்தேழு. ஒரு கிராம் பொய் கிடையாது. முப்பத்து மூன்று வருஷம் எப்படி எழுதினேனோ அப்படித்தான் எழுதினேன்.

இந்த வெற்றியின் தெம்பில், நடப்பதெல்லாம் கிழவர்கள் வேலை என்று காலையில் எஸ்டேட் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். மூன்றாம் நாள், நிறுவைக் கொட்டகைக்கு எதிரில் மூச்சு வாங்கி நின்றபோது, வேலைக்குப் புறப்பட்ட பெண்கள் கூட்டம் வந்து சூழ்ந்துகொண்டது. முன்னால் பூமாரி.

"என்ன தராசய்யா, இம்புட்டு வேகமா எங்க ஓடுறீக? யாரும் வெரட்டுறாகளா?"

"எட கொறைக்கிறேன் பூமாரி. ஏழு கிலோ கொறைஞ்சிருச்சு."

"அப்பிடியா? எங்க, ஏறுங்க பாப்போம். நம்ம தராசுதான?"

மறுத்தால் பயந்துவிட்டேன் என்பார்கள். ஏறினேன். முன்பு நான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அதே இடத்தில் இப்போது எலக்ட்ரானிக் தராசு. சிவப்பு எழுத்தில் தொண்ணூற்று நான்கரை என்று காட்டியது. இருபது பெண்களும் ஒரே நேரத்தில் சிரித்த சத்தத்தில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "அய்யா வேட்டி நனைஞ்சிருக்குடி, ரெண்டு கிலோ கழிச்சிரு" என்றாள். உண்மையில் நான் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், மாப்பிள்ளை. வாயெடுத்தவன் பூமாரி முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஈரம்னு கழிச்சீகளே அய்யா, அந்தத் தண்ணியையும் நாங்கதான சொமந்து வந்தோம்?" என்றாள். சண்டைக்குச் சொன்ன மாதிரியும் இல்லை. சொல்லிவிட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். நான் கம்பெனி சொன்னதைச் செய்தவன். மேனேஜர் கழி என்றார், கழித்தேன். இதை அவளிடம் சொல்ல நினைத்தேன், அவள் அதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிட்டாள். அன்று ஓட்டம் அவ்வளவுதான், மூட் போய்விட்டது, டீக்கடையில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. முதல் ஸ்தலத்தில் சிலுவையை ரிஜின் தூக்கினான். தூக்கிய வேகத்தில் பங்குச்சாமியார் ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டாம் ஸ்தலத்தில் போய் நிற்கிறான். புதிய மனிதன் அல்லவா? ஐந்தாம் ஸ்தலத்தில் அவனுக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, சிலுவையை வேறு யாரோ வாங்க, அவன் தேயிலைச் செடிக்கு அடியில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டான். நான் அவனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுத் தாண்டிப் போனேன். அந்தச் சிரிப்பு ஏழாம் ஸ்தலம் வரைதான் வந்தது. அங்கே என் முழங்கால் நின்றுவிட்டது. சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு இரண்டு, முற்றலுக்கு இரண்டு என்று நான் காகிதத்தில் கழித்த அத்தனையும் அந்த முழங்காலின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கழிவு போடத் தெரியாது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை.

ஏழாம் ஸ்தலத்தில் வருஷா வருஷம் பூமாரி தண்ணீர்ப் பானை வைப்பாள். மாரியம்மனைக் கும்பிடுகிறவள்தான், ஆனாலும் மலை ஏறுகிறவர்களுக்குத் தாகம் ஒன்றுதான் என்பாள். எனக்கு ஒரு சொம்பு தந்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். மேலே பத்தாம் ஸ்தலத்தில் கூட்டம் நின்றது. பங்குச்சாமியார் சுற்றிப் பார்ப்பது கீழேயிருந்தே தெரிந்தது. யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? மைக்கில் கேட்டது.

"செபாஸ்டின் எங்கப்பா?"

அப்புறம் ஒரு பெண் குரல், "குடுங்க சாமி, அவருக்குப் பதிலா நான் எடுத்துட்டுப் போறேன்."

உங்கள் அத்தை, மாப்பிள்ளை. அந்தக் கறுப்புச் சிலுவையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினாள். கலுங்குப் பாலத்துக்கு எந்த வேகத்தில் போவாளோ அதே வேகம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நிற்கவில்லை. உச்சியில் போய், கடைசிப் பாட்டையும் அவளே எடுத்துக் கொடுத்தாள், மூச்சு வாங்காமல். பெரிய வெள்ளியைப் பற்றி எழுதும்போது பொய் எழுதக்கூடாது: எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். பிறகு வெட்கம். பெருமை கடைசியில்தான் வந்தது, அதுவும் யாரும் பார்க்காதபோது.

"ஒரு நாளைக்கி ஏறுற மலையா அய்யா இது? அக்கா சனவரியில இருந்து ஏறிக்கிட்டு இருக்கு" என்றாள் பூமாரி.

ஈஸ்டரன்று பாலப்பமும் கறியும் பாயசமுமாக ஒரு நாளில் ஒரு வருஷத்துக்குச் சாப்பிட்டேன். தோற்றவனுக்குப் பசி அதிகம். திங்கட்கிழமை கண்ணாடி மெஷின் தொண்ணூற்று ஏழரை காட்டியது. செவ்வாய்க்கிழமை இருவரும் டாக்டரிடம் போனோம். உங்கள் அத்தையின் சீட்டைப் பார்த்து அந்தப் பெண் எழுந்து நின்று கைகொடுத்தாள். என் சீட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கெல்லாம் நான் மசிந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இருபது நிமிட நடையும் ஒரு கை சோறும் பெண்களுக்குச் சரி. ஆண்களுக்கு வேகம் வேண்டும். என் திட்டம் தவறு இல்லை, நாற்பது நாள் போதவில்லை, அவ்வளவுதான். ஈஸ்டரிலிருந்து பரிசுத்த ஆவியின் திருநாள் வரை ஐம்பது நாள் இருக்கிறது. ஐம்பது நாளில் இருபது கிலோ என்று முடிவு செய்திருக்கிறேன். வயிற்றில் கட்டினால் தானே அதிர்ந்து கொழுப்பை உருக்குகிற பெல்ட் ஒன்று போனில் பார்த்தேன். அது மஸ்கட்டில் நல்லதாகக் கிடைக்கும் என்கிறார்கள். சோபாவில் உட்கார்ந்தபடியே உருகுமாம். தயவுசெய்து ஒன்று வாங்கி அனுப்பவும், பெரிய அளவாக. பின்சிக்குத் தெரிய வேண்டாம். நீண்டகாலப் பயணம் பற்றி இன்னொரு குரல்செய்தியும் வேண்டாம்.

பேரப்பிள்ளையின் நெற்றியில் என் பெயரால் ஒரு சிலுவை அடையாளம் போடுங்கள். உங்கள் மூவர் மேலும் தேவமாதாவின் கை எப்போதும் இருக்கட்டும்.

அன்புள்ள மாமனார்,
செபாஸ்டின்

பின்குறிப்பு: ரிஞ்சுவின் டிக்கெட் தள்ளிப்போனதால் இந்தக் கடிதம் பன்னிரண்டு நாள் அலமாரியிலேயே கிடந்தது. பெல்ட் வாங்கியிருக்க மாட்டீர்கள், வாங்கவும் வேண்டாம். இதை எழுதி முடித்த அன்று சாயங்காலம் உங்கள் அத்தை செருப்பு மாட்டும்போது, பால் வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி நானும் கூடப் போனேன். அடுத்த நாள் சொல்லக் காரணம் கிடைக்கவில்லை, ஆனாலும் போனேன். இப்போது தினமும் போகிறேன். கலுங்குப் பாலம் வரைதான். அவள் முன்னால் போய் நின்று நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். நேற்று பூமாரியிடம், "தண்ணியையும் நீங்கதான் சொமந்தீக. நான் கழிச்சது தப்புதான்" என்று சொல்லிவிட்டேன். "நடங்கய்யா, மழ வருது" என்றாள். இன்று காலை என் எடை தொண்ணூற்று ஏழு கிலோ நூறு கிராம். கழிவு எதுவும் போடவில்லை. கடிதத்தின் ஆரம்பத்தில் காலியாக விட்ட வரியை நீங்கள் நிரப்ப வேண்டாம். ஒரு வருஷம் கழித்து நானே எழுதுகிறேன்.